தூக்கிப் போடாத டியூப்



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும் என்று கூட்டத்தில் சொன்னபோது ஒருத்தர் ஆடு வளர்ப்பு எடுத்துக்கிட்டார், ஒருத்தர் மண்புழு உரம் எடுத்துக்கிட்டார். எனக்கு மிஞ்சியது "நம்ம குழு வரலாறு". நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். வரலாறு என்றால் ராஜா, சண்டை, வருசம் என்றுதான் மனசில் இருந்தது. சரி, பழைய தீர்மான நோட்டைப் பார்த்தாவது எழுதுவோம் என்று குழுவின் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

2003-ல் குழு ஆரம்பித்ததில் இருந்து உள்ள நோட்டு, வங்கிப் பாஸ் புத்தகம், சந்தா அட்டை எல்லாம் ஒரே கட்டாக இருந்தது. கட்டின மேல் ஒரு கருப்பு வளையம். சைக்கிள் டியூப்பைக் குறுக்கே வெட்டிய வளையம்தான். மெதுவாக இழுத்தேன். பட்டென்று அறுந்துபோச்சு.

பக்கத்தில் இருந்த எங்க அத்தை, "இருவது வருசமா ஒண்ணும் ஆகல, ஒன் கையில வந்து அறுந்துருச்சே" என்று சிரித்தார். அது யாரோட சைக்கிள் டியூப் என்று கேட்டேன். எங்க குழுவின் முதல் ஊக்குநர் அக்காவோட சைக்கிளில் இருந்து வெட்டியதாம். அந்தக் காலத்தில் பணம் கட்ட, கடன் மனு கொடுக்க எல்லாத்துக்கும் அவர் சைக்கிளில்தான் திண்டுக்கல் போய் வந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன். குழு வரலாறு எழுத நம்மில் பல பேர் இருக்கோம். இந்த டியூப்போட வரலாற்றை எழுத யாரும் இல்லை. அதை நான் எழுதுறேன். அதுக்குள்ளேயே நம்ம குழுவும் வந்துவிடும்.

பால் மரத்தில் இருந்து சைக்கிளுக்கு

ரப்பர் என்பது ஒரு மரத்தின் பால். தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டுக் காட்டில் தானாக வளர்ந்த மரம். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ என்ற தாவரவியல் தோட்டத்தில் அதில் கொஞ்சம்தான் முளைத்தது. முளைத்த கன்றுகளில் பெரும்பங்கைக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். பிறகு மலேயாவிலும் நம்ம கேரளா, கன்னியாகுமரிப் பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன.

மலேயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டப் போனவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று நம்ம பக்கத்து ஜனங்கள்தான். கங்காணிமார் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார்கள். 1938-ல்தான் அந்த ஆள் சேர்ப்பு நின்றது. நம்ம திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தோடு இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985-ல். அதனால் உலகம் பூரா ஓடிய டயரிலும் டியூப்பிலும் நம்ம ஆட்கள் விடியற்காலையில் எழுந்து சேர்த்த பாலும் உண்டு. இதைப் படித்த பிறகு பழைய டியூப்பைக் கையில் எடுத்தால் எனக்கு வேறு மாதிரி தோணுது.

வெறும் ரப்பர்ப் பால் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது இளகாமல், வெடிக்காமல் இழுபட்டு நிற்கும் என்று கண்டுபிடித்தார். காற்று அடைத்த சக்கரத்துக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது அப்படியே மறந்துபோச்சு. 1888-ல் பெல்பாஸ்ட் ஊரில் ஜான் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தன் மகன் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் தடதடக்காமல் ஓடணும் என்று ரப்பர்க் குழாயில் காற்றடித்துச் சக்கரத்தில் சுற்றினார். அதில் இருந்துதான் சைக்கிள் டியூப் உலகம் பூரா பரவியது. ஒரு தகப்பன் பிள்ளைக்காகச் செய்த வேலை அது.

இந்தக் கந்தக விசயத்தை நாம ஞாபகம் வைக்கணும். பிளாஸ்டிக் குடத்தை உருக்கித் திரும்ப ஊற்றலாம். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரை அப்படிச் சுலபமாக உருக்கி ஊற்ற முடியாது. அதனால் பழைய டியூப்பை வீட்டில் பயன்படுத்த நமக்குத் தெரிந்த வழி, அப்படியே வெட்டி, கட்டி, தைத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதுதான். படிக்காத நம்ம பெரியவர்கள் இதைத்தான் காலம் காலமாகச் செய்தார்கள்.

தோல் போன இடத்தில் டியூப்

எங்க அப்பத்தா சொல்வார்கள், அவுக காலத்தில் கிணற்றில் கமலை ஓடிச்சாம். இரண்டு மாடு வாரியில் இறங்கும், வடம் இழுக்கும், சால் மேலே வரும். சாலுக்குக் கீழே யானைத் தும்பிக்கை மாதிரி தோல் வால் இருக்கும். அது வழியாகத் தண்ணி வாய்க்காலில் கொட்டும். திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு நிறைய இருந்த ஊர். அதனால் தோலுக்குப் பஞ்சம் இல்லை. கட்டுவதற்கும், ஒட்டுப் போடுவதற்கும், ஒழுக்கு அடைப்பதற்கும் தோல் வார்தான்.

பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, கரண்டு மோட்டார் வந்தது. கமலை போச்சு. அதே சமயத்தில் ஊருக்குள் சைக்கிள் பெருகியது. சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள் கம்பெனி 1949-ல் ஆரம்பித்தார்கள். ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கே இருந்துதான் வந்தது. பஞ்சாபில் லூதியானாவில் ஹீரோ சைக்கிள் 1956-ல் வந்தது. சைக்கிள் பெருகவும் பழைய டியூப்பும் பெருகியது. தோல் வார் செய்த வேலையை எல்லாம் டியூப் எடுத்துக்கொண்டது.

எங்க அப்பா நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூ மூட்டை கொண்டுபோவார். விடியறதுக்குள்ள போய்ச் சேரணும். கேரியரில் மூட்டையை வைத்து டியூப்பால் இறுக்கி ஒரு இழுப்பு இழுத்து மாட்டுவார். கயிறு என்றால் மேடு பள்ளத்தில் தளர்ந்துபோகும். டியூப் மூட்டையோடு சேர்ந்து கூடவே சுருங்கும், கூடவே விரியும். அதுதான் அதன் குணம். ஒரு நாள் சைக்கிள் கவிழ்ந்து அப்பாவுக்கு முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது, பூ மூட்டை மட்டும் கேரியரை விட்டு அசையவில்லை. "என்னை விட டியூப்புக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

எங்க ஊரில் டியூப் செய்த வேலைகள்

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மோட்டார் பைப் ஜாயின்ட் ஒழுகினால் டியூப்பை நாடாவாகக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். ஆள் வந்து சரி பண்ணும் வரைக்கும் தாங்கும். மண்வெட்டி, அரிவாள் பிடியில் டியூப்பை மாட்டினால் வேர்வைக் கை வழுக்காது. திராட்சைப் பந்தல், புடலைப் பந்தலில் குச்சியைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட டியூப் நாடா. அது தண்டை அறுக்காது, தண்டு பருத்தாலும் இடம் கொடுக்கும். கோழிக்கூண்டுக் கதவுக்குக் கீல் இல்லாவிட்டால் டியூப் துண்டு இரண்டு, நாலு ஆணி. ஆடுவெட்டித் தழை கொண்டுவரும் கட்டுக்கும், விறகுக் கட்டுக்கும், வைக்கோல் கட்டுக்கும் டியூப். சின்னப் பிள்ளைகளுக்குக் கவட்டை வில். கிணற்றில் நீச்சல் பழக மட்டும் லாரி டியூப். நானும் எங்க சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் லாரி டியூப்பைப் பிடித்துத்தான் நீச்சல் பழகினேன்.

பஞ்சர் கடையில் பழைய டியூப்தான் புது டியூப்புக்கு மருந்து. தண்ணி உள்ள சட்டியில் டியூப்பை முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டு, பழைய டியூப்பில் வட்டமாக வெட்டிய துண்டை ஒட்டித் தட்டுவார்கள். காயாமல் ஒட்டினால் நிற்காது. அவசரப்பட்டு ஒட்டுகிறவர்களுக்கு மறுநாளே திரும்பப் பஞ்சர்.

வெளிநாட்டிலும் இந்தப் புத்தி இருந்திருக்கு. வியட்நாம் நாட்டில் சண்டை நடந்த காலத்தில் ஜனங்களும் படை வீரர்களும் லாரி டயரை வெட்டி அடிப்பாகம் ஆக்கி, டியூப்பை வாராகப் போட்டுச் செருப்பு செய்து போட்டார்கள். நம்ம ஊர்ச் சந்தையிலும் டயர் செருப்பு விற்றதை அப்பா சொல்லியிருக்கிறார். அது தேயவே தேயாதாம். கால்தான் தேயுமாம்.

போச்சம்பள்ளிச் சேலையில் சைக்கிள் டியூப்

நம்ம சின்னாளபட்டிச் சேலை எல்லோருக்கும் தெரியும். சுங்குடி என்றால் துணியில் சின்னச் சின்னதாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. முடிச்சுக்குள் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்று ஒரு ஊர். அங்கே துணி நெய்வதற்கு முன்னாலேயே நூலைக் கட்டிச் சாயம் போடுகிறார்கள். சாயம் ஏறக்கூடாத இடத்தில் எல்லாம் இறுக்கமாகக் கட்டணும். அந்தக் கட்டுக்கு அவர்கள் பழைய சைக்கிள் டியூப்பை மெல்லிய நாடாவாக வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். ரப்பருக்குள் சாயத் தண்ணி இறங்காது, இறுக்கமாகவும் பிடிக்கும், அவிழ்ப்பதும் சுலபம். ஆயிரக்கணக்கில் விலை போகிற பட்டுச் சேலையின் டிசைனுக்குள் யாரோ ஓட்டித் தேய்ந்த சைக்கிளின் டியூப் இருக்கு. வினோபா பாவே 1951 ஏப்ரலில் பூதான இயக்கத்தை ஆரம்பித்ததும் அதே போச்சம்பள்ளியில்தான்.

இதைக் குழுவில் சொன்னபோது ஒரு மதினி, "அப்ப இத்தனை நாளா நாம பட்டுச் சேலைச் சாமானை வெறகு கட்ட வச்சிருந்தோமா?" என்று கேட்டார்.

எங்க குழு பட்ட பாடு

போச்சம்பள்ளிக் கதை தெரிவதற்கு முன்னாடியே எங்க குழுவில் ஐந்து பேர் சேர்ந்து டியூப்பில் பை தைத்து விற்கலாம் என்று இறங்கினோம். குழுவில் உள்கடன் எடுத்தோம். பஞ்சர் கடை கடையாகப் போய்ப் பழைய டியூப் வாங்கினோம். ஆசை நிறைய இருந்தது, யோசனை கம்மி.

முதல் தப்பு, சரியாகக் கழுவவில்லை. டியூப்புக்குள் ஒட்டாமல் இருக்க வெள்ளை மாவு போட்டிருப்பார்கள். மேலே ரோட்டுப் புழுதி, எண்ணெய். தைத்த பையை வாங்கியவர்கள் சேலையில் கருப்பு ஒட்டுது என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது தப்பு, வீட்டுத் தையல் மெசினில் தைத்தோம். ஊசி ஊசியாக உடைந்தது, ரப்பர் ஊசிக்கடியில் நகரவே இல்லை. மூன்றாவது, வாசம். வெயிலில் வைத்தால் வாசம் போகும் என்று மொட்டை மாடியில் ஒரு வாரம் போட்டோம். வாசம் போகவில்லை, ரப்பர்தான் வெடித்துச்சு. வெயில் ரப்பருக்கு எதிரி என்று அப்போதுதான் புரிந்தது.

பை விற்கவில்லை. கடன் மட்டும் நின்றது. ஐந்து பேரும் களையெடுப்புக் கூலியில் இருந்து மாசா மாசம் கட்டி ஒரு வருசத்தில் அடைத்தோம். அந்த ஒரு வருசமும் கூட்டத்துக்கு வரவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒருத்தரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. இந்த இடத்தில் அதற்கு நன்றி சொல்லிக்கிறேன்.

மிச்சம் இருந்த டியூப்பை என்ன செய்யலாம் என்று யோசித்தபோது எங்க அப்பா சொன்னார், "ஊருக்கு எது வேணுமோ அதைச் செய்யுங்கம்மா." அதற்குப் பிறகு நாங்கள் பையை விட்டுவிட்டோம். டியூப்பைச் சோப்புத் தண்ணியில் இரண்டு தடவை கழுவி, நிழலில் காயவைத்து, நாடாவாகவும் வளையமாகவும் வெட்டி, பந்தல் போடும் தோட்டக்காரர்களுக்கும் பூ மூட்டைக்காரர்களுக்கும் கொடுக்கிறோம். பெரிய லாபம் இல்லை. நட்டமும் இல்லை.

கணக்கு இதுதான். பெரிய சைக்கிள் டியூப்பை வால்வு பக்கம் வெட்டி நீட்டினால் சுமார் ஆறரை அடி. தட்டையாக வைத்தால் அகலம் ஒன்றரை அங்குலம். நெடுக வெட்டி விரித்தால் மூன்று அங்குலம். அரை அங்குல நாடாவாக வெட்டினால் ஆறு நாடா. ஆறு ஆறரை, 39 அடி. குறுக்கே வெட்டினால் அரை அங்குல வளையம் நூற்றைம்பதுக்கும் மேல் வரும். கத்தரியைச் சோப்புத் தண்ணியில் நனைத்துக்கொண்டு வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்.

செய்யக்கூடாத இரண்டு

நல்லதை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது. எங்க அம்மா ஈர விறகு பத்த வைக்க ஒரு டியூப் துண்டை அடுப்பில் போடுவார். சட்டென்று பிடிக்கும். புகை கருப்பாக வந்து கண்ணும் தொண்டையும் எரியும். ரப்பரில் கந்தகம் இருக்கு என்று மேலே சொன்னேன் இல்லையா, அது எரிந்தால் விசப் புகைதான். அம்மா ராத்திரி பூரா இருமினது எனக்கு இன்னும் காதில் கேட்குது. யார் வீட்டிலும் அடுப்பில் டியூப் போடாதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் வேண்டாம்.

இன்னொன்று, பாம்பு கடித்தால் டியூப்பை எடுத்துக் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது. எங்க சொந்தத்தில் ஒருத்தருக்கு அப்படிக் கட்டித்தான் தூக்கிப்போனார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் கட்டின இடத்துக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று காலில் ரொம்ப நாள் புண் ஆறவில்லை. இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை ஆட்டாமல் படுக்கவைத்து, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். 108-க்குப் போன் போடுங்கள். விறகைக் கட்டுகிற டியூப்பால் மனுசன் காலைக் கட்ட வேண்டாம்.

அக்காவின் சைக்கிள்

இப்போது அந்த அறுந்த வளையத்துக்கு வருகிறேன். ஊக்குநர் அக்கா சைக்கிள் பழகினது கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு. ஊரில் பேசாத பேச்சு இல்லையாம். "பேங்குக்குப் போறாளாம், பெல் அடிச்சுக்கிட்டுப் போறா" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்களாம். அக்கா கேட்டுக்கொண்டே மிதித்துப் போவாராம்.

அவருக்குத் தைரியம் வந்தது புதுக்கோட்டையில் இருந்து. அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் சைக்கிள் ஓட்டினார்கள். லட்சம் பேருக்கு மேல் பழகியதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அக்காவின் சின்னம்மா மகள் அந்த ஊரில் வாக்கப்பட்டிருந்தார். அவர் ஓட்டியதைப் பார்த்துத்தான் அக்கா பழகினார்.

மகளிர் திட்டம் 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்து 1997-98-க்குப் பிறகு மாநிலம் பூரா வந்தது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் எங்க ஊருக்கு அந்தத் திட்டம் வந்து சேர்ந்தது அக்காவின் சைக்கிளில்தான். வங்கிக் கணக்கு, முதல் கடன், முதல் கறவை மாடு எல்லாம் அந்தச் சக்கரத்தில் வந்ததுதான். பின் டியூப் ஏழெட்டு ஒட்டுப் போட்டு இனிமேல் ஒட்ட இடம் இல்லை என்று ஆன பிறகு, அதைத் தூக்கிப் போடாமல் வெட்டிக் குழு நோட்டைக் கட்டி வைத்தார்.

என் கதை வேறு. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு 2001-02-ல் இலவச சைக்கிள் வந்தது. 2005-06-ல் அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆக்கினார்கள். நான் பத்தாவது பாஸ் பண்ணினது 2005 ஏப்ரல். மேல்நிலைப் பள்ளி எங்க ஊரில் இருந்து ஏழு கிலோமீட்டர். பஸ் சரியாக இல்லை, பொம்பளைப் பிள்ளை எப்படிப் போகும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த வருசம் என்கூடப் படித்த பிள்ளைகள் புது சைக்கிளில் எங்க வீட்டைத் தாண்டிப் போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு மட்டும் ஒரு சைக்கிள் கம்மியாப் போச்சு.

இப்போது என் மகள் பத்தாவது படிக்கிறாள். போன மாதம் வீட்டில் அதே பேச்சு வந்தது. தூரம், காலம் கெட்டுக்கிடக்கு, பத்தாவது போதும். பேசினது வேற யாரும் இல்லை, என் வீட்டுக்காரரும் என் அத்தையும்தான். நான் சண்டை போடவில்லை. தகரப் பெட்டியில் இருந்து அந்த அறுந்த வளையத்தை எடுத்துவந்து அத்தை கையில் கொடுத்து, "இந்த சைக்கிள் மட்டும் அன்னிக்கி ஓடலைன்னா நம்ம வீட்ல மாடு இருக்குமா அத்தை?" என்று கேட்டேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைக்கு ஒட்டுப் போடவும் சேத்துக் கத்துக்குடு, நடுவழில நிக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார். அவர் மகனிடமும் அவரே பேசிவிட்டார்.

வருகிற ஜூன் மாதம் என் மகள் பிளஸ் ஒன் சேருவாள். சைக்கிள் வரும் வரைக்கும் அக்கா தன் பழைய சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டியூப் மாற்றி, பிரேக் கட்டை போட்டால் போதும். பஞ்சர் ஒட்ட நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். காயவிட்டு ஒட்டணும், அவசரப்படக்கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

குழு நோட்டுக்குப் புது வளையம் வெட்டி மாட்டியாச்சு. அறுந்த பழைய வளையத்தையும் அதே பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். அடுத்து மலர் போடும்போது யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

சகோதரிகளே, உங்க வீட்டுப் பரணிலும் ஒரு பழைய டியூப் கிடக்கும். எரிக்காதீர்கள். அது யாரோட சைக்கிள், எங்கே எல்லாம் போய் வந்தது என்று பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.